மீன் கருவில் மரபணுவை அடக்கிப் பார்க்கும் சோதனை

மீன் குஞ்சுப் பொரிப்பகம் நடத்துவோர் ஒவ்வொரு பருவத்திலும் காணும் காட்சி ஒன்று உண்டு. ஒரே தாய் மீன் இட்ட முட்டைகள், ஒரே தொட்டி, ஒரே நீர். ஆயினும் சில முட்டைகள் சில மணி நேரத்தில் வெண்மையாகிப் பாழாகின்றன. சில பொரித்த பின்னும் வால் வளைந்து, நீந்த இயலாமல் மடிகின்றன. மற்றவை நல்ல நுண்குஞ்சுகளாகின்றன. நீரின் வெப்பம், பிராண வாயு, தாய் மீனின் ஊட்டம் ஆகியவை இதற்குக் காரணமாவதை மீன் வளர்ப்போர் அறிவர். இவை தவிர, முட்டைக்குள்ளேயே அமைந்துள்ள காரணங்களும் உண்டு. அவையே மரபணுக்கள்.

ஒரு பயிருக்கு மணிச்சத்து எதற்குத் தேவை என்று அறிய, ஒரு பாத்திக்கு மட்டும் மணிச்சத்தை நிறுத்தி, தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் வழக்கம்போல் இட்டுப் பார்ப்பது ஆராய்ச்சிப் பண்ணைகளில் உள்ள வழக்கம். எந்தக் குறை தோன்றுகிறதோ அதைக் கொண்டு அந்தச் சத்தின் வேலை தெரிய வரும். மரபணுவின் வேலையை அறியவும் இதே வழிதான். ஒரு மரபணுவை மட்டும் சில நாட்கள் வேலை செய்ய விடாமல் அடக்கி வைத்து, கரு எவ்வாறு வளர்கிறது என்று கவனிக்கிறார்கள். இச்சோதனை எவ்வாறு செய்யப்படுகிறது, அதன் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம், மீன் வளர்ப்புக்கு அதனால் என்ன பயன் என்பன கீழே விளக்கப்படுகின்றன.

சோதனைக்கு உகந்த மீன்

உலகெங்கும் இச்சோதனைக்கு அதிகமாகப் பயன்படுவது, அலங்கார மீன் கடைகளில் விற்கப்படும் ஜீப்ரா மீன். உடலில் நீளவாக்கில் நீலக் கோடுகள் கொண்ட, விரல் நீளம்கூட இல்லாத மீன் இது. ரோகு, கட்லா, மிர்கால் ஆகிய கெண்டைகள் அடங்கிய பெரும் பிரிவையே இதுவும் சேர்ந்தது. இதன் தாயகம் நமது துணைக்கண்டம். கங்கையாற்று மீன்களைப் பற்றி ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவர் 1822-ல் வெளியிட்ட நூலில் இம்மீனை முதன்முதலாக விவரித்தார்.

நெல் வயலோர வாய்க்கால்களிலும் குட்டைகளிலும் வாழ்ந்த இம்மீனை ஆராய்ச்சிக் கூடத்திற்குக் கொண்டு சென்று பெயர் பெறச் செய்தவர் அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரெய்சிங்கர். அவரது முக்கியமான கட்டுரை 1981-ல் வெளியாயிற்று. பின்னர் ஜெர்மனியில் டூபிங்கன் நகரிலும் அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலும் இம்மீனின் கருவில் தோன்றும் நூற்றுக்கணக்கான பரம்பரைக் குறைகள் கண்டறியப்பட்டு, 1996-ல் ஒன்றாக வெளியிடப்பட்டன. 2013-ல் இதன் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியிடப்பட்டபோது, மனிதனிடம் உள்ள மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்திற்கு இணையானவை இம்மீனிடமும் உண்டு என்று தெரிய வந்தது. நம் நாட்டில் டில்லி, ஐதராபாத் முதலிய நகரங்களில் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் இம்மீன் வளர்க்கப்படுகிறது.

இம்மீனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, ஒரு பெண் மீன் ஒரே காலையில் நூறு, இருநூறு முட்டைகள் வரை இடும். இரண்டாவது, முட்டை தாயின் உடலுக்கு வெளியே கருவுற்று வளர்வதால் தாயைக் கொல்லாமலே கருவைப் பார்க்கலாம். மூன்றாவது, முட்டை கண்ணாடி போல் தெளிவாக இருப்பதால், உள்ளே இதயம் துடிப்பதும் குருதி ஓடுவதும் உருப்பெருக்கியின் கீழ் நன்கு தெரியும்.

கரு வளரும் கால அட்டவணை

நீரின் வெப்பம் 28.5 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஜீப்ரா மீனின் கரு கடிகாரம் போல் வளர்கிறது. கருவுற்ற 45 நிமிடத்தில் ஒரு செல் இரண்டாகப் பிரிகிறது. அதன்பின் ஏறத்தாழ 15 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகி, மூன்று மணி நேரத்தில் ஆயிரம் செல்களை எட்டுகிறது. ஐந்தேகால் மணியில் செல்கள் மஞ்சள் கருவைப் பாதி மூடுகின்றன. ஆறு மணியில் முதுகுப்புறம் எது என்று தெரிகிறது. பத்து மணியில் மஞ்சள் கரு முழுவதும் மூடப்பட்டு வால் அரும்புகிறது. 24 மணியில் கண், மூளை, வால் யாவும் தெரிய, இதயம் துடிக்கத் தொடங்குகிறது. இரண்டு முதல் மூன்று நாளில் குஞ்சு பொரிக்கிறது. ஐந்தாம் நாள் நீந்தி இரை தேடுகிறது.

இதில் முதல் மூன்று மணி நேரம் தனிக் கவனத்திற்குரியது. விதை முளைக்கும்போது, வேர் மண்ணில் ஊன்றும் வரை விதைக்குள் உள்ள சேமிப்பைக் கொண்டே முளை வளர்கிறது அல்லவா? அதுபோல, கருவும் முதல் மூன்று மணி நேரம் வரை தாய் மீன் முட்டைக்குள் வைத்த சேமிப்பைக் கொண்டே வளர்கிறது. அதன் பிறகே கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் வேலையைத் தொடங்குகின்றன. தாய் மீனின் ஊட்டம் குறைந்தால் முட்டையின் தரமும் குறைவதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம்.

மரபணுவை அடக்குவது எப்படி?

மரபணு என்பது செல்லின் கருவறையில் பத்திரமாக உள்ள மூலப் பத்திரம் போன்றது. அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுக்கப்படுகிறது. நகலைப் படித்தே செல் புரதத்தைத் தயாரிக்கிறது. வேலை செய்வது புரதம்தான்.

மூலப் பத்திரத்தில் கை வைக்காமல் நகலை மட்டும் படிக்க முடியாதபடி செய்வதே அடக்கும் முறை. இதற்கு மார்ஃபோலினோ எனப்படும் செயற்கைப் பொருள் பயன்படுகிறது. இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் சம்மர்டன். சுமார் 25 எழுத்துகள் கொண்ட சிறு சங்கிலி இது. எந்த மரபணுவை அடக்க வேண்டுமோ அதன் நகலில் உள்ள எழுத்துகளுக்குப் பொருந்தும்படி இது தயாரிக்கப்படுகிறது. பூட்டில் சாவி பொருந்துவது போல் நகலில் போய் ஒட்டிக் கொள்கிறது. செல்லில் உள்ள நொதிகளால் இதைச் சிதைக்க முடியாது.

இது இரு வகையில் வேலை செய்யும். முதல் வகை, நகலைப் படிக்கத் தொடங்கும் இடத்தில் ஒட்டிக் கொண்டு வாசலை அடைக்கும். தாய் வைத்த நகல், கருவின் சொந்த நகல் ஆகிய இரண்டையும் இது தடுக்கும். இரண்டாம் வகை, நகலைச் செல் வெட்டி ஒட்டிச் சரிசெய்யும் இடத்தில் ஒட்டிக் கொண்டு அந்த வேலையைக் கெடுக்கும். தாய் வைத்த நகல் முன்பே சரிசெய்யப்பட்டது. ஆகவே அதை இந்த இரண்டாம் வகை தொடுவதில்லை. தாய் ஏற்கெனவே புரதமாகவே முட்டைக்குள் வைத்திருந்தால் இரு வகையாலும் அதை நீக்க முடியாது. எனவே, மரபணுவை அடக்கிய பின்னும் முதல் சில மணி நேரத்தில் குறை தெரியவில்லை என்றால், அம்மரபணு அப்போது தேவையில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மீன் கருவில் இம்முறை நன்கு பயன்படும் என்பதை 2000-ல் மினசோட்டா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த நசேவிசியஸ், எக்கர் ஆகிய இருவர் காட்டினர். வேலை முன்பே தெரிந்த ஐந்து மரபணுக்களை அவர்கள் அடக்கிப் பார்த்தனர். அவற்றுள் ஒன்று கெட்டால் வால் உருவாகாது. அதை அடக்கிய கருவிலும் வால் உருவாகவில்லை. பரம்பரையாகக் குறையுள்ள மீனைப் பல மாதங்கள் வளர்த்து உண்டாக்காமல், ஒரே நாளில் அதே குறையைக் காண முடிந்தது.

அடக்குவதால் மரபணு அழிவதில்லை. செல்கள் பெருகப் பெருக மார்ஃபோலினோ பங்கிடப்பட்டு நீர்த்துப் போகிறது. சில நாட்களில் பலன் குறைந்துவிடும். அடுத்த தலைமுறைக்கு இது செல்வதில்லை.

ஊசி போடும் முறை

மாலையில் ஆண் மீனையும் பெண் மீனையும் ஒரே தொட்டியில் நடுவே தடுப்பு வைத்து விடுகிறார்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் சிறிது நேரத்தில் முட்டை இடுகின்றன. முட்டைகளைச் சேகரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, கண்ணாடிக் குழாயை இழுத்து மயிரினும் மெல்லியதாகச் செய்த ஊசியால் மருந்து செலுத்தப்படுகிறது. ஒரு செல் முதல் நான்கு செல் நிலை வரை, அதாவது ஏறத்தாழ முதல் ஒரு மணி நேரத்திற்குள், இவ்வேலை முடிய வேண்டும். தாமதித்தால் எல்லாச் செல்களுக்கும் மருந்து சமமாகப் போய்ச் சேராது.

ஒரு முட்டைக்குச் செலுத்தும் அளவு சுமார் ஒரு நானோ லிட்டர். அதாவது ஒரு மில்லி லிட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இதில் உள்ள மருந்து சில நானோ கிராம். பின்னர் முட்டைகளைத் தூய நீரில், பூசணம் பிடிக்காமலிருக்க மிகச் சிறிதளவு மெத்திலீன் நீலம் சேர்த்து, 28.5 டிகிரியில் வைக்கிறார்கள். கருவுறாதவை, ஊசியால் சிதைந்தவை ஆகியவற்றை அன்றே எண்ணி நீக்கி, எண்ணிக்கையைக் குறித்து வைக்க வேண்டும். இல்லையேல் மறுநாள் காணும் சாவு எதனால் என்று சொல்ல முடியாது.

வெப்பத்திலும் கவனம் தேவை. 28.5 டிகிரியில் 24 மணி நேரத்தில் எட்டும் வளர்ச்சியை 25 டிகிரியில் எட்டச் சுமார் 30 மணி நேரம் ஆகும். ஊசி போட்ட தட்டு சிறிது நேரம் வெளியே குளிர்ந்து விட்டால்கூட அக்கருக்கள் பின்தங்கும். அதை மரபணுவின் குறை என்று கருதிவிடக் கூடாது. கடிகாரத்தை மட்டும் பார்க்காமல், கரு எந்த நிலையில் உள்ளது என்பதையும் பார்த்து, ஒத்த நிலைகளையே ஒப்பிட வேண்டும்.

ஒப்பீடு இல்லாத சோதனை பயனற்றது

ஊசி குத்துவதே ஒரு காயம். செலுத்திய பொருளே நஞ்சாகலாம். ஆகவே மருந்து போட்ட கருக்களில் குறை தோன்றியதும், அந்த மரபணுவின் வேலை தெரிந்துவிட்டது என்று சொல்வது, உரமிட்ட வயலை மட்டும் பார்த்து உரத்தின் பலனைக் கணக்கிடுவதற்கு ஒப்பாகும். சரியான சோதனையில் கீழ்க்கண்டவை இடம் பெறும்.

1. அதே பெற்றோரின் முட்டைகளில் ஊசி போடாத ஒரு தொகுதி.

2. எந்த மரபணுவுக்கும் பொருந்தாத மார்ஃபோலினோவை அதே அளவில் செலுத்திய ஒரு தொகுதி.

3. குறைந்த அளவு, நடுத்தர அளவு, கூடுதல் அளவு என்று அளவை மாற்றிச் செலுத்திய தொகுதிகள்.

4. அதே நகலின் வேறோர் இடத்தில் ஒட்டும் இரண்டாவது மார்ஃபோலினோ செலுத்திய ஒரு தொகுதி. இரண்டும் ஒரே குறையைத் தர வேண்டும்.

5. மார்ஃபோலினோ ஒட்ட முடியாதபடி மாற்றிய நகலைச் சேர்த்துச் செலுத்திய ஒரு தொகுதி. இதில் குறை நீங்கிக் கரு தேற வேண்டும். சத்தை நிறுத்தியதால் மஞ்சளான பயிர், அதே சத்தை இட்டதும் பச்சை பிடிப்பதைப் போன்றது இது.

6. புரதம் உண்மையிலேயே குறைந்ததா, நகல் உண்மையிலேயே கெட்டதா என்பதை அளந்து பார்த்த விவரம்.

இவற்றுள் எண்ணிக்கையும் அடங்கும். உதாரணமாக, ஊசி போடாத 100 கருக்களில் 8-ம், பொருந்தாத மருந்து போட்ட 100-ல் 15-ம், சோதனை மருந்து போட்ட 100-ல் 60-ம் குறையுற்றதாக வைத்துக் கொள்வோம். அறுபதும் மரபணுவின் பலன் அல்ல. இரண்டாம் தொகுதியில் கண்ட 15-ஐத் தள்ளியே பார்க்க வேண்டும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு பெற்றோரைக் கொண்டு மூன்று முறையாவது செய்து பார்க்க வேண்டும். எந்தத் தட்டில் எந்த மருந்து என்று அறியாத ஒருவர் எண்ணுவதே சிறந்தது. ஏனெனில், எதிர்பார்ப்புடன் பார்ப்பவரின் கண்ணுக்கு நேரான வாலும் வளைந்ததாகத் தோன்றும்.

எல்லாக் குறைகளும் ஒன்றல்ல

சிறுத்த தலை, சிறுத்த கண், வளைந்த வால், இதயத்தைச் சுற்றி நீர் கோத்தல் ஆகியவை மார்ஃபோலினோ போட்ட கருக்களில் அடிக்கடி காணப்பட்டன. மருந்து வேறு வேறு மரபணுவுக்கானது. குறையோ ஒன்றாக இருந்தது. பி-53 என்னும் மரபணு விழித்துக் கொண்டு செல்களைச் சாகச் செய்வதும் இதற்கு ஒரு காரணம் என்பது 2007-ல் வெளியான ஆராய்ச்சியில் தெரிந்தது. இலை மஞ்சளாவது சத்துக் குறைவாலும் ஆகும், நீர் தேங்குவதாலும் ஆகும், வேரழுகலாலும் ஆகும். மஞ்சளைக் கண்டவுடன் யூரியா இடுவது எப்படித் தவறோ, வளைந்த வாலைக் கண்டவுடன் மரபணுவைக் குறை சொல்வதும் அப்படியே தவறு.

நீரில் கலந்த நஞ்சும் இதே போன்ற குறைகளை உண்டாக்கும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2013-ல் ஏற்ற நெறிமுறை ஒன்றில், இரசாயனப் பொருள்களின் நச்சுத் தன்மையை அறிய இதே ஜீப்ரா மீன் கருவை 96 மணி நேரம் அந்த நீரில் வைத்துப் பார்க்கிறார்கள். முட்டை திரிந்து வெளுத்தல், உடற்கணுக்கள் தோன்றாமை, வால் மஞ்சள் கருவிலிருந்து பிரியாமை, இதயம் துடிக்காமை ஆகிய நான்கும் அதில் சாவின் அறிகுறிகள். வயலில் தெளித்த பூச்சிமருந்து வழிந்து குளத்தில் சேர்ந்தால் முதலில் பலியாவது முட்டையும் குஞ்சுமே என்பதை மீன் வளர்ப்போர் மனத்தில் கொள்ள வேண்டும்.

2015-ல் கிடைத்த பாடம்

பதினைந்து ஆண்டுகள் இம்முறை மிகுதியாகக் கையாளப்பட்டது. இதனிடையே மரபணுவையே நிரந்தரமாக வெட்டி மாற்றும் முறைகள் வந்தன; 2013 முதல் கிரிஸ்பர் முறையும் ஜீப்ரா மீனில் பயன்பட்டது. அவ்வாறு மரபணு கெடுக்கப்பட்ட மீன்களையும், முன்பு மார்ஃபோலினோ போட்டுக் கண்ட முடிவுகளையும் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக் கழகத்தினர் ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்டனர். மார்ஃபோலினோவால் உண்டானதாக அச்சான குறைகளில் ஏறத்தாழ 80 சதவீதம், மரபணு கெட்ட மீன்களில் காணப்படவில்லை.

ஆகவே முந்தியவை யாவும் பொய் என்று பலர் எண்ணினர். ஆனால் அதே ஆண்டு ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிலையத்தைச் சேர்ந்த டிடியே ஸ்டெய்னியர் குழுவினர் மற்றொரு பக்கத்தைக் காட்டினர். இரத்தக் குழாய் வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவை அடக்கினால் குறை தோன்றியது. அதையே நிரந்தரமாகக் கெடுத்தால் மீன் நன்றாகவே இருந்தது. காரணம், அது கெட்டுப் போனதும் அதன் உறவு மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்து குறையை ஈடு கட்டின. பங்காளி ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் அவர் வயலையும் உழுது கொடுப்பது போன்றது இது. தற்காலிகமாக அடக்கும்போது இந்த உதவி கிடைப்பதில்லை. அந்தக் கெட்ட மீனின் கருவிலேயே அதே மார்ஃபோலினோவைச் செலுத்தியபோது முன் போல் கடுமையான குறை தோன்றாததால், மார்ஃபோலினோ அங்கு நஞ்சாக வேலை செய்யவில்லை என்பது உறுதியாயிற்று.

ஆக, அடக்கும் சோதனையில் கண்ட குறை சில சமயம் நஞ்சின் விளைவு, சில சமயம் உண்மை. எது எது என்று பிரித்தறிய ஒப்பீட்டுத் தொகுதிகளைத் தவிர வேறு வழியில்லை. மார்ஃபோலினோவை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்ற வழிமுறைகளை இத்துறை விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து 2017-ல் வெளியிட்டனர்.

மீன் வளர்ப்புக்குப் பயன்

கருவில் முட்டைக்கும் விந்துக்கும் மூலமான செல்கள் தனியே தோன்றி, பின் சினைப்பை அமைய வேண்டிய இடத்திற்கு நகர்ந்து செல்கின்றன. இதற்குத் தேவையான ஒரு மரபணு ஜீப்ரா மீனில் 2003-ல் கண்டறியப்பட்டது. முட்டுச் சந்து என்னும் பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டது. அதை அடக்கினால் மூலச் செல்கள் வழியிலேயே அழிகின்றன. மீன் மற்ற வகையில் நன்றாக வளர்கிறது. ஆனால் அது மலடு.

இந்தச் சிறு மீனில் கண்டது பெரிய மீனுக்குப் பயன்பட்டது. நார்வே நாட்டில் கடலில் கூண்டு அமைத்து வளர்க்கும் சால்மன் மீன்கள் தப்பிச் சென்று ஆற்றுச் சால்மனுடன் கலந்து இனத்தைக் கெடுப்பது பெரிய பிரச்சினை. பெர்கன் நகரில் உள்ள கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் இதே மரபணுவைக் கிரிஸ்பர் முறையில் நீக்கி, மலட்டுச் சால்மனை உண்டாக்கி 2016-ல் அறிவித்தனர். இதில் ஒரு சிக்கல்: மலட்டு மீனிலிருந்து குஞ்சு எடுக்க முடியாது. அக்கருவிலேயே அம்மரபணுவின் நகலை ஊசியால் செலுத்தி மூலச் செல்களைக் காப்பாற்றலாம் என்று 2020-ல் காட்டினர். மேலே ஐந்தாவதாகச் சொன்ன ஒப்பீட்டுச் சோதனையே இங்கு தாய் மீன் உண்டாக்கும் வழியாக மாறியிருப்பது குறிப்பிடத் தக்கது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநில விஞ்ஞானிகள், ஊசி போடாமல் முட்டைகளை மார்ஃபோலினோ கலந்த நீரில் ஊற வைத்தே ஜீப்ரா மீனை மலடாக்க முடியும் என்று 2015-ல் தெரிவித்தனர். இதில் மரபணு மாறுவதில்லை.

மலட்டு மீனால் இரு நன்மைகள் உண்டு. தப்பினாலும் பெருகாது, சினைக்குச் செல்லும் ஊட்டம் சதையாகலாம். ஆனால் சிறு விவசாயி மற்றொன்றையும் நினைக்க வேண்டும். நம் நாட்டில் 1957-ல் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீனை முட்டையிடச் செய்த பிறகே, ஆற்றில் குஞ்சு பிடிக்கக் காத்திராமல் பொரிப்பகத்திலேயே குஞ்சு எடுக்கும் நிலை வந்தது. மலட்டு மீன் வளர்ப்பவர் தம் குளத்து மீனிலிருந்து குஞ்சு எடுக்க முடியாது. வீரிய ஒட்டு விதையைப் போல் ஒவ்வொரு முறையும் குஞ்சை வெளியில் வாங்கியே ஆக வேண்டும். லாப நஷ்டக் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

மரபணு மாற்றிய உயிரினங்களை நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-ல் ஏற்பட்ட விதிகளின்படி, அனுமதியின்றி வெளியில் விடக் கூடாது. ஆகவே மரபணு மாற்றிய குஞ்சு என்று யாரேனும் விற்க வந்தால் அனுமதிச் சான்றைக் கேட்க வேண்டும்.

விவசாயிகள் பின்பற்றக் கூடியவை

மரபணுச் சோதனையைப் பண்ணையில் செய்ய இயலாது. ஆனால் அதன் ஒழுங்கைப் பின்பற்ற இயலும். புதிய ஊக்க ஊசி மருந்து, தாய் மீன் தீவனம், பூசண மருந்து ஆகியவற்றை வாங்கும்போது கீழ்க்கண்டவாறு செய்து பார்க்கலாம்.

மருந்தோ தீவனமோ தாய் மீனுக்கானது என்றால், ஒரே வயதும் எடையும் கொண்ட தாய் மீன்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழைய முறையையும் மறு பிரிவுக்குப் புதியதையும் கையாள வேண்டும். முட்டைக்கான மருந்து என்றால், ஒரே தாயின் முட்டைகளை இரு பங்காக்கி, ஒரே குளத்தில் அடுத்தடுத்துக் கட்டிய இரு ஹாப்பாக்களில் இட்டு, ஒன்றுக்கு மட்டும், குளத்தில் போடுமுன் தனிப் பாத்திரத்தில் வைத்து மருந்து தர வேண்டும். மற்றதையும் அதே நேரம் வெறும் நீரில் வைத்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நூறு முட்டைகளை எண்ணி, தெளிந்தவை எத்தனை, வெளுத்தவை எத்தனை, பொரித்தவை எத்தனை, வளைந்தவை எத்தனை என்று குறித்துக் கொள்ள வேண்டும். நீரின் வெப்பத்தையும் எழுதி வைக்க வேண்டும். எண்ணுபவருக்கு எது எது என்று சொல்லாமலிருப்பது நல்லது. மூன்று தடவை செய்தும் வித்தியாசம் நிலைத்து நின்றால் மட்டுமே அதற்குப் பணம் செலவிடலாம்.

ஒரு புதுப் பொருளின் பெருமையைக் கூறுவோரிடம், அதை இடாத தொட்டியில் என்ன நடந்தது என்று முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லையென்றால், மற்ற பதில்களால் பயனில்லை.